ரசீதில் ஒரு 'பி'

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம் பக்கம். வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பில் போடுகிறேன். வருகிறவர்களில் நிறைய பேர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். போன வாரம் ஒரு வங்காளத்துக்காரரிடம் 'ரெசிப்ட்' என்றேன். புதிதாக வந்த மேலாளர் எல்லார் எதிரிலும் "அதுல பி சைலன்ட்டுப்பா" என்று சிரித்தார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இத்தனைக்கும் நான் பட்டதாரி. இன்னமும் 'இஸ்கோலு' என்கிற என் அம்மாவைப் போல இல்லை. தமிழ் மீடியத்தில் படித்தது தப்பா?

கே.

அன்புள்ள கே.,

தமிழ் மீடியத்தை விடுங்கள். உங்களை மாட்டிவிட்டது இங்கிலீஷ்காரனின் எழுத்துக்கூட்டல். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது 'பி' சத்தம் அதில் இல்லை. லத்தீன் மூலத்தில் இருந்ததே என்று படித்தவர்கள் எழுத்தில் மட்டும் சொருகி வைத்தார்கள். அதே வேரில் பிறந்த 'டிசீட்' இன்றைக்கும் 'பி' இல்லாமல்தான் நிற்கிறது. (டிசீட் என்றால் ஏமாற்று. பொருத்தம்தான்.)

மேலாளர் சொன்ன உச்சரிப்பு சரி. 'ரெசீட்' என்றே பழகிக்கொள்ளுங்கள், வேலைக்கு நல்லது. எழுதியிருந்ததை எழுதியபடி படித்ததற்கு வெட்கம் எதற்கு? 2020 ஜூனில் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தப் போன அரசாணை, நம் ஊரை 'வீலூர்' என்று படிக்கும்படி ஆக்கிவிட்டு, சில நாளில் வாபஸ் ஆனது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

எனக்கு உறுத்தியது அம்மாவைப் பற்றிய வரி. சொல்லை மெய்யெழுத்தில் தொடங்குவது தமிழ் நாக்குக்கு ஆகாது. முன்னால் ஒரு 'இ' போட்டுக்கொள்ளும். ரகரத்தில் தொடங்க மனமில்லாமல் 'இராமன்' என்று எழுதியதும் இந்தப் பழக்கம்தான். ஸ்பானியக்காரர்களும் பள்ளிக்கூடத்தை 'எஸ்குவேலா' என்கிறார்கள். அவர்களைப் பார்த்து உங்கள் மேலாளர் சிரிக்க மாட்டார். நீங்களும்தான்.

நான் மட்டும் யோக்கியனா? கல்லூரியில் சேர்ந்த புதுசு. காட்பாடி ஸ்டேஷனில் என் நைனா போர்ட்டரிடம் "சென்னை வண்டி எந்தப் பிளாட்பாரம்?" என்று கேட்டார். நான் நடுவில் புகுந்து "பிளாட்ஃபார்ம்" என்று திருத்தினேன். போர்ட்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டாவது பிளாட்பாரம், நைனா" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். படியேறும்வரை நைனா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று. வங்காளத்துக்காரரிடம் எதற்கு இங்கிலீஷ்? 'ரசீது' என்று சொல்லிப் பாருங்கள். பாரசீகச் சொல்; இந்தியிலும் அதுதான், வங்காளியில் 'ரொஷித்' என்பார்கள். நீங்கள் நீட்டுவதற்குள் அவர் கை நீட்டிவிடுவார்.