‘ரீஃபண்ட் ஃபெயில்ட்’ என்று வந்தால் பணம் போய்விட்டதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. கரூரில் தனியார் மில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொற்ப பி.எஃப். பென்ஷனும் வங்கி டெபாசிட் வட்டியும்தான் அவருடைய வருமானம். 2024-25 நிதியாண்டில் வட்டியிலிருந்து 14,200 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வருமான வரி ரிட்டர்ன் போட்டோம். அக்டோபரில் 14,700 ரூபாய் ரீஃபண்ட் என்று மெயில் வந்தது. பணம் வரவில்லை. போர்ட்டலில் பார்த்தால் ‘ரீஃபண்ட் ஃபெயில்ட்’ என்கிறது. திரும்பவும் ரிட்டர்ன் போட வேண்டுமா? பிடித்ததைவிட 500 ரூபாய் கூடுதலாகக் காட்டுவதால் நிறுத்திவிட்டார்களா? 3,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. கொடுக்காதீர்கள். உங்கள் அப்பாவின் பணம் எங்கேயும் போகவில்லை. அதை வாங்கித் தர இடையில் ஆள் தேவையில்லை, அப்படி ஒரு வழியும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்யக்கூடிய வேலைதான் இது.

‘ஃபெயில்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வரித்துறை மறுத்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் துறையின் பக்கம் வேலை முடிந்த பிறகுதான் அந்தச் சொல்லே வரும். நீங்கள் போட்ட ரிட்டர்ன் பெங்களூருவில் இருக்கும் மத்தியச் செயலாக்க மையத்துக்குப் போகிறது. அங்கே கணக்கைச் சரிபார்த்து, 143(1) பிரிவின்படி ஓர் அறிவிப்பை மெயிலில் அனுப்புகிறார்கள். அக்டோபரில் உங்களுக்கு வந்தது அதுதான். ரீஃபண்ட் உண்டு என்று முடிவானதும் பாரத ஸ்டேட் வங்கி வழியாகப் பணம் உங்கள் கணக்குக்கு அனுப்பப்படும். உங்கள் அப்பாவின் பணம் இந்தக் கடைசி இடத்தில்தான் திரும்பிப் போயிருக்கிறது. ஆகவே புதிதாக ரிட்டர்ன் போட வேண்டியதில்லை, திருத்திய ரிட்டர்னும் வேண்டாம்.

அந்த 500 ரூபாய் வட்டி. அதில் தவறு எதுவும் இல்லை. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு, பிடித்த வரியைத் திருப்பித் தரும்போது ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி தர வேண்டும் என்கிறது 244ஏ பிரிவு. மாதத்தில் ஒரு பகுதி என்றாலும் முழு மாதமாகக் கணக்கு. 14,200 ரூபாய்க்கு அரை சதவீதம் 71 ரூபாய். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 7 மாதத்துக்கு 497 ரூபாய். இரண்டும் சேர்ந்து 14,697. வரித்துறை பத்தின் மடங்காக்குவதால் 14,700. அறிவிப்பைத் திறந்து பார்த்தால் வட்டித் தொகை தனி வரிசையில் இருக்கும். அந்தக் கோப்பு பாஸ்வேர்டு கேட்கும்: அப்பாவின் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், வருடத்தை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறந்துகொள்ளும். பலர் திறக்கத் தெரியாமல் இந்தக் கடிதத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு வருகிறது, ஏன் குறைந்தது, எதைக் கழித்தார்கள் என்று எல்லாமே அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன கணக்கும் துறை போட்ட கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாக இருக்கும். அவசியம் படியுங்கள்.

சரி, பணம் ஏன் திரும்பியது?

நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் காரணம் இனிஷியல்தான். நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. பான் விண்ணப்பமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். அங்கே ஒற்றை எழுத்தை ஏற்கவும் மாட்டார்கள். அதனால் அப்பா பெயரை விரித்துக் கடைசிப் பெயராக எழுதிவிடுவோம். வங்கியில் முப்பது வருடத்துக்கு முன் கணக்குத் தொடங்கியபோது ‘கே. முருகேசன்’. ஆதாரில் ‘முருகேசன் கே’. பான் பதிவில் ‘முருகேசன் கந்தசாமி’. மனிதர் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பான் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரும் துறையின் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அட்டையில் அச்சிட வேண்டிய பெயரை இனிஷியலோடு கேட்டு வாங்கியிருக்கலாம். ஆகவே அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வருமான வரி போர்ட்டலுக்குள் போய் ‘மை ப்ரொஃபைல்’ பக்கத்தில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் துறை வைத்திருக்கும் பெயர்.

இரண்டாவது காரணம் வங்கி இணைப்பு. கரூர் என்கிறீர்கள், அங்கே பல வீடுகளில் லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்கு இருந்திருக்கும். அந்த வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. இணைப்புக்குப் பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிவிட்டது. பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீட்டை எழுதியிருந்தால் பணம் போய்ச் சேராது. இவை தவிர, பான் எண் வங்கிக் கணக்கில் இணைக்கப்படாமல் இருக்கலாம். ரொம்ப நாள் புழக்கம் இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கலாம்.

எது காரணம் என்று போர்ட்டலே சொல்லிவிடும். ‘மை ப்ரொஃபைல்’ பகுதியில் ‘மை பேங்க் அக்கவுண்ட்’ என்று இருக்கிறது. அப்பாவின் கணக்குக்கு எதிரே ‘வேலிடேட்டட்’ என்று வந்திருக்கிறதா பாருங்கள். சரிபார்ப்பில் தோற்றுப்போன கணக்குகள் தனியாக ஒரு தாவலில் இருக்கும், காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். ஐ.எஃப்.எஸ்.சி. தவறு என்றால் புதிய குறியீட்டைப் போட்டு மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். பெயர் பொருந்தவில்லை என்றால் வங்கிக் கிளைக்குப் போயே ஆக வேண்டும். பான், ஆதார் நகல்களோடு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். “பான் பதிவில் உள்ளபடி பெயரை மாற்றிக் கொடுங்கள், பான் எண்ணையும் இணைத்துவிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்து, ஏற்புக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் ஏறிய பிறகு போர்ட்டலில் மறுசரிபார்ப்பு.

அதற்குள் அவசரம் என்றால், அப்பா பெயரில் வேறொரு சேமிப்புக் கணக்கு இருந்து அதில் பெயர் பொருந்தினால் அதைச் சேர்த்துவிடுங்கள். அதைச் சரிபார்த்து, ரீஃபண்டுக்கு என்று தேர்வு செய்யும் பொத்தானையும் அழுத்த வேண்டும். சரிபார்த்துவிட்டு அந்தப் பொத்தானை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் கணக்கைக் கொடுத்து வாங்கிவிடலாமா என்று யோசிக்காதீர்கள். யார் பான் எண்ணில் ரிட்டர்னோ, அவர் கணக்குக்குத்தான் பணம் வரும்.

அப்புறம்தான் முக்கியமான படி. கணக்கைச் சரிசெய்தால் மட்டும் பணம் தானாகத் திரும்பி வந்துவிடாது. ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ என்று இருக்கும். அதில் புதிய கோரிக்கை கொடுத்து, அந்த ஆண்டு ரிட்டர்னைத் தேர்ந்தெடுத்து, சரிபார்த்த வங்கிக் கணக்கைக் காட்டி, ஆதார் ஓ.டி.பி. போட்டு உறுதி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோரிக்கை கொடுத்த பிறகு சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள். தாமதம் உங்கள் பக்கம் என்றால் அந்தக் காலத்துக்கு வட்டி தர வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

கோரிக்கை கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அப்பாவின் பான், ஆதாரோடு இணைந்திருக்கிறதா? இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்ததாகவே கருதப்படுகிறது. அந்த நிலையில் ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்தால் மறுபடி உயிர்பெறும். எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் அப்பா அந்த வரம்புக்குள் வரமாட்டார்.

இதே பிரச்சினையை வேறு வேறு நிலையில் சந்திப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரிட்டர்ன் போட்ட கையோடு முப்பது நாளுக்குள் அதை மின்னணு முறையில் உறுதி செய்ய வேண்டும். ஆதாரில் செல்பேசி எண் இணைக்காத முதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நெட் பேங்கிங் வழியாகச் செய்யலாம். அதுவும் இல்லை என்றால் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, கெடுவுக்குள் போய்ச் சேரும்படி பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். உறுதி செய்யாத ரிட்டர்னை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். உறுதி செய்த பிறகும் ‘அண்டர் ப்ராசஸிங்’ என்றே நின்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை துறைக்கு அவகாசம் உண்டு. 2025 ஆகஸ்டில் போட்டவருக்கு அது 2026 டிசம்பர் 31.

எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, பழைய ஆண்டு பாக்கிக்கு 245 பிரிவின்படி கழித்திருப்பார்கள். கழிக்கும் முன் அறிவிப்பு வரும், பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். அந்தப் பாக்கியே தவறு என்றால் போர்ட்டலில் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். மற்றொன்று டி.டி.எஸ். பொருந்தாமை. வங்கி பிடித்த வரியை உங்கள் பான் எண்ணில் துறைக்குச் சொல்லியிருந்தால்தான், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அது ஏறும். வங்கி தவறான பான் எண்ணில் போட்டிருந்தால், எவ்வளவு முறையிட்டாலும் வரித்துறையால் தர முடியாது. வங்கி தன் டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்த வேண்டும். அதன் பிறகு 154 பிரிவின்படி திருத்தக் கோரிக்கை கொடுத்தால் பணம் வரும். நான் சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டம்தான்.

மறுபடி அந்த 3,000 ரூபாய் ஆளிடம் வருகிறேன். இப்படிப்பட்டவர்கள் சிலர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை என்றெல்லாம் எழுதி ரீஃபண்டைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். 2025 ஜூலையில் வரித்துறை நாடு முழுவதும் சோதனை நடத்தியது இப்படிப் போலிக் கழிவுகளைக் கோரியவர்களைத் தேடித்தான்; தமிழ்நாட்டிலும் நடந்தது. தவறான தகவல் தந்து வரியைக் குறைத்தால் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் உண்டு. அதைக் கட்டப்போவது ரிட்டர்னில் பெயர் இருப்பவர். கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுக்கமாட்டார். அதேபோல, ‘உங்கள் ரீஃபண்ட் ஒப்புதல் ஆகிவிட்டது, கணக்கை உறுதி செய்யுங்கள்’ என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளைத் தொடவே வேண்டாம். வரித்துறை ஏ.டி.எம். பின் எண்ணையோ கார்டு எண்ணையோ கேட்பதில்லை. எதைப் பார்ப்பதாக இருந்தாலும் போர்ட்டல் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். இதை அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள். பகலில் தனியாக வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் குறிவைத்துத்தான் இந்த அழைப்புகள் வருகின்றன.

மறுகோரிக்கை கொடுத்தும் நகரவில்லை என்றால் போர்ட்டலில் ‘கிரீவன்சஸ்’ பகுதியில் புகார் பதியுங்கள். 143(1) அறிவிப்பின் எண், கோரிக்கை கொடுத்த தேதி, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்ட பக்கத்தின் படம் மூன்றையும் சேர்த்து நாலே வரியில் எழுதினால் போதும். 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

அடுத்த வருடம் இந்த அலைச்சலே இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வரி வரம்புக்குள் வராத மூத்த குடிமகன் என்ற உறுதிமொழியாக, அந்த நிதியாண்டுக்கு 15எச் படிவத்தை வங்கியில் கொடுத்திருந்தால் 14,200 ரூபாய் பிடிபட்டிருக்காது. ஒவ்வொரு ஏப்ரலிலும், டெபாசிட் வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் அந்த உறுதிமொழியைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வட்டி வரை டி.டி.எஸ். பிடிப்பதில்லை என்று ஆகியிருக்கிறது. முன்பு இது 50,000 ரூபாய். அப்பாவுக்கு வட்டி சுமார் 1,42,000 ரூபாய் வருகிறது என்பதால், எல்லாம் ஒரே வங்கியில் இருந்தால் உறுதிமொழி இன்னும் தேவைதான்.

ரீஃபண்ட் கைக்கு வந்த பிறகு ஒரு சின்ன வேலை: 14,200 ரூபாய் அவருடைய சொந்தப் பணம், அது வருமானம் ஆகாது. மேலே வந்த வட்டி மட்டும் வருமானம். அது கிடைத்த ஆண்டின் ரிட்டர்னில் ‘பிற வருமானம்’ என்ற இடத்தில் காட்டிவிடுங்கள்.