பிள்ளைக்குத் துணி மாற்றும் இடமும் பொருள் வைக்கும் அலமாரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் மேலூரில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்று, குழந்தை பிறந்து ஐந்தாம் மாதத்தில்தான் மதுரைக்குத் திரும்புவேன். இங்கே எங்களுடையது பத்துக்குப் பத்து அடி அறை. கட்டிலும் பீரோவும் ஏற்கெனவே இருக்கின்றன. டயப்பர் மாற்றுவதற்கென்றே அடித்தட்டுகளோடு வருகிற மேசை ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். பாய் விரித்து மாற்றினால் போதாதா என்கிறார் அத்தை. எது சரி?
– வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை

பதில்: மதுரை வீட்டுக்கு அந்த மேசை வேண்டாம். ஏற்பாடு ஏதாவது செய்வதாக இருந்தால் அதை மேலூர் வீட்டில்தான் செய்ய வேண்டும். இடுப்பு உயரத்தில் துணி மாற்றும் இடம் தாய்க்கு உண்மையாகவே உதவுவது முதல் மூன்று நான்கு மாதங்களில்தான். பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை வரைகூடத் துணி மாற்ற நேரிடும். அறுவைச் சிகிச்சையில் பிரசவம் ஆகியிருந்தால், தையல் ஆறும் வரை ஒவ்வொரு முறையும் தரையில் உட்கார்ந்து எழுவதும் குனிந்து நிமிர்வதும் பெரும் வேதனை. நீங்கள் மதுரைக்குத் திரும்பும் ஐந்தாம் மாதத்திலோ பிள்ளை குப்புற விழப் பழகியிருக்கும். அந்தப் பருவத்தில் உயரமான மேசையைக் கண்டு நாம் அஞ்சத்தான் வேண்டும். உங்கள் அத்தை சொல்லும் பாயே அப்போது பொருத்தமானது. தாய்வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் நம் ஊர் வழக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல், வெளிநாட்டுக் குழந்தை அறையின் படத்தைப் பார்த்துச் சாமான் வாங்குகிறவர்களின் வீட்டில், அந்த மேசை சில மாதங்களிலேயே இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளைக் குவிக்கும் இடமாகிவிடுகிறது.

மேலூரிலும் புதிதாக வாங்க வேண்டியிருக்காது. நான்கு காலும் தரையில் பதிந்து, அசைத்தால் ஆடாமல் நிற்கும் எழுது மேசை ஒன்று இருந்தால் போதும். உயரத்தைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும். முதுகை வளைக்காமலும் தோளைத் தூக்காமலும் நீங்கள் மாவு பிசைகிற சமையல் மேடையின் உயரம் எதுவோ, அதுவே உங்களுக்கு ஏற்ற உயரம். ஐந்தடி, ஐந்தேகால் அடி உயரமுள்ள பெண்களுக்கு அது ஏறத்தாழ 33 முதல் 35 அங்குலம். எழுது மேசை வழக்கமாக 30 அங்குலம் இருக்கும் என்பதால், மேலே மூன்று அங்குல மெத்தையைப் போட்டால் கணக்கு சரியாகிவிடும். அந்த மெத்தையின் நான்கு பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலம் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், மெத்தை மேசைமேல் வழுக்கக் கூடாது. இடுப்புப் பட்டி வைத்த மெத்தைகளும் கிடைக்கின்றன. பட்டியைக் கட்டினாலும், உங்கள் ஒரு கை பிள்ளையின் மேல் இருந்தே தீர வேண்டும். குப்புற விழத் தெரியாத பிள்ளைதானே என்று எண்ண வேண்டாம். காலை உதைத்து உதைத்தே பச்சைப்பிள்ளை நகர்ந்துவிடும்.

ஒரு கை பிள்ளையின் மேல் இருக்கும் என்றால், மற்றவை யாவும் மறு கைக்கு எட்ட வேண்டும். பொருள் வைக்கும் இடத்தை இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகான கூடைகளை அறையின் மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, ஈரத்துணியோடு பிள்ளையை விட்டு இரண்டடி நகர நேர்வதால்தான் விழுந்து அடிபடுவது நடக்கிறது. மேசையின் மேல் இழுப்பறையில், நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் வலப்பக்க ஓரமாக, அன்றைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு டயப்பர்களை நிற்கவைத்து அடுக்குங்கள். அவற்றை ஒட்டி, பழைய வேட்டியையோ நைந்த சுங்குடிச் சேலையையோ ஒரு சாண் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்த துடைதுணிகள். அதற்கடுத்து மாற்றுச் சட்டை இரண்டு, மருத்துவர் சொன்ன களிம்பு. துடைக்க வேண்டிய வெதுவெதுப்பான நீரை, பிள்ளையைத் தூக்கி வருவதற்கு முன்பே அகலமான சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். வெந்நீர் பிளாஸ்க் அந்த மேசைக்கு வரவே கூடாது. மிச்சமுள்ள டயப்பர்கள் அவற்றின் பிளாஸ்டிக் உறையோடு வேறோர் அலமாரியில், உயரத்தில் இருக்கட்டும். முகத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கக்கூடிய அந்த உறைகள் பிள்ளையின் அருகில் இருக்க வேண்டாம். அழுக்கானவற்றுக்கு, காலால் மிதித்தால் திறக்கும் மூடியுள்ள வாளி ஒன்றைக் காலடியில் வையுங்கள். குப்பை வண்டியில் கொடுக்கும்போது டயப்பர்களைத் தாளில் நன்றாகச் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும். பொறுக்கிப் பிரிப்பவரும் நம்மைப் போன்ற மனிதர்தாம்.

இனி மதுரை அறை. மேசைக்கென்று வைத்திருந்த பணத்தில், மூன்று அடுக்கு இழுப்பறை கொண்ட தாழ்வான, அகலமான அலமாரி ஒன்றை வாங்குங்கள். பிள்ளை பள்ளிக்குப் போன பிறகும் அது பயன்படும். ஆனால் அது சுவரோடு பிணைக்கப்பட வேண்டும். ஒன்பது, பத்தாம் மாதத்தில் எதையாவது பிடித்து எழுந்து நிற்கும் குழந்தை, சிறிது வளர்ந்ததும் இழுப்பறைகளைத் திறந்து படிபோல் ஏறப் பார்க்கும். திறந்த இழுப்பறைகளின் எடையும் குழந்தையின் எடையும் முன்பக்கம் சேர்ந்தால், பார்வைக்கு உறுதியாகத் தெரியும் அலமாரிகூடக் கவிழ்ந்துவிடும். இவ்வாறு அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்ததன் விளைவாகவே, அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு இழுப்பறை அலமாரிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்: சுவரில் மாட்டும் பட்டையோ இரும்புக் கோணமோ கூடவே தருகிறார்களா, இழுப்பறை முழுவதுமாக வெளியே வந்து காலில் விழாமல் இருக்கத் தடை உள்ளதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். கனமான பொருள்கள் கீழ் அறையில் இருக்கட்டும். அலமாரியின் மேல் தொலைக்காட்சி வேண்டாம்.

ஒன்றைச் சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் தோன்றுவதில்லை. நம் வீடுகளில் உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் தொங்கும். தொட்டிலை இரு பக்கமும் முழு வீச்சுக்கு ஆட்டிப் பார்த்து, அது எட்டும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளித்தான் அலமாரியின் முனையோ பீரோவின் கைப்பிடியோ இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் அந்த மேசைக்கு இடமே இல்லை என்பது இதை அளந்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். என் மாமியார் காலத்துத் தேக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. பழைய பருத்தி வேட்டி, சேலைகளை எல்லாம் துவைத்து, பூச்சி அண்டாமல் இருக்க அந்துருண்டை போட்டு அதில் வைத்திருக்கிறேன். பெட்டியைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து, குழந்தைத் துணிகளுக்கே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, துணிகளைச் சேர்த்து வைத்தது மிக நல்ல காரியம். ஆனால் அந்துருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடியது. அந்தக் குறைபாடு குழந்தையின் முகத்தைப் பார்த்துத் தெரியாது. அந்துருண்டையோடு கிடந்த துணியை உடுத்தியதாலேயே பச்சிளங்குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. எனவே எல்லாத் துணிகளையும் மறுபடி துவைத்து, வாடை துளியும் இல்லாமல் போகும் வரை நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பெட்டியையும் திறந்து காயவைத்து, அதன் பிறகும் வாடை நின்றால் அதைக் குழந்தைத் துணிக்குப் பயன்படுத்த வேண்டாம். நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து வைப்பதே போதுமானது. சூடமும் வேண்டாம்; அது விழுங்கினால் நஞ்சு.

சுரண்டும் வேலையிலும் கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதில் ஈயம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. பெட்டியில் பழைய பெயின்ட் இருந்தால், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூசி கருவுற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் தீங்கு. மகள் வீட்டில் இருக்கும்போது அந்த வேலை நடக்கவே கூடாது. பூச்சே இல்லாத தேக்கு என்றால் ஈரத்துணியால் துடைத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தேக்குக்குப் பெயின்ட் எதற்கு?

பேரப்பிள்ளை எழுந்து நிற்கும் காலம் வந்ததும், கனமான மூடி விரல் மேலோ தலை மேலோ விழாதபடி பெட்டியைப் பூட்டியே வைத்திருங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கவே உரிமையாளர் சம்மதிப்பதில்லை. இடம் குறைவு என்பதால் ஆறடுக்கு பிளாஸ்டிக் இழுப்பறை வாங்க நினைக்கிறோம்.
– வாசகர், திருநகர்

பதில்: சுவரில் பிணைக்க முடியாத வீட்டில் உயரமான அலமாரியே வேண்டாம். ஆறடுக்கு ஒன்றுக்குப் பதிலாக மூன்றடுக்கு இரண்டை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தினமும் எடுக்காதவை பரணுக்குப் போகட்டும். உரிமையாளரிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. குழந்தையின் பாதுகாப்புக்காக இரண்டே துளைகள், காலி செய்யும்போது பூசித் தருகிறோம் என்று சொன்னால் பலர் இறங்கி வருவார்கள். அது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால், பூச்சில் மட்டும் நிற்கும் குட்டைத் திருகாணி உதிர்ந்து வந்துவிடும். பூச்சைக் கடந்து செங்கல்லில் ஆழமாக இறங்கும் நீளமான திருகாணிதான் எடையைத் தாங்கும்.

கேள்வி: கடையில் வாங்குவதைவிட ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது. எந்தப் பலகை நல்லது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: செய்துகொள்வதே நல்லது என்பேன், உங்கள் உயரத்துக்கும் அறைக்கும் ஏற்ற அளவில் கிடைக்கும். செலவு கட்டுப்படியானால் மரவாடியில் நன்கு காய்ந்த மரமாகப் பார்த்து எடுக்கலாம். இல்லையென்றால் ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட்டில், ஈரத்தைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையைக் கேளுங்கள்; துணி மாற்றும் இடத்தில் நீர் சிந்தாமல் இருக்காது. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையில் ஈரம் பட்டால் ஊதிவிடும், ஒருமுறை கழன்ற திருகாணி மறுபடி பிடிக்காது. அப்பலகையையும், மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையையும் ஒட்டும் பசையிலிருந்து, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது குறைவாக உள்ள ஈ-0 அல்லது ஈ-1 வகை என்பதை உறுதிசெய்து, வெட்டிய ஓரங்கள் அனைத்தையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். அடிப்பலகை தரையில் படியாமல் நான்கு அங்குலக் கால் வைக்கச் சொன்னால், கரையான் ஏறுவதும் கண்ணில் படும், துடைப்பமும் உள்ளே போகும். முனைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். வார்னிஷ் வேலை பிரசவ நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாக முடிந்து, இழுப்பறைகளைத் திறந்துபோட்டு, சன்னலும் திறந்திருக்க, வாடை அடங்கும் வரை அறை காற்றோட்டமாக இருக்க வேண்டும்.