பட்டாளத்துப் படங்கள்: வாசகர் கேள்வி, சுபேதார் பதில்

கேள்வி: என் தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். கேப்டனாக இருந்தார் என்கிறார் அத்தை. மெடல் எதுவும் மிஞ்சவில்லை. பாட்டியோடு எடுத்த ஒரு ஸ்டூடியோ படம்தான் இருக்கிறது. சட்டைக் கையில் மூன்று பட்டை, இடது பாக்கெட்டுக்கு மேலே நான்கு ரிப்பன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பன் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்

பதில்: படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்துவிடாதீர்கள் அம்மா. பல வருஷமாகக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால், பிரிக்கும்போது முகமே உரிந்து வந்துவிடும். காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், மார்புப் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். அப்படியே செய்தீர்கள், நன்றி. இப்போது பார்ப்போம்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் புழங்கிய ஃபிலிம் பலவற்றில் சிவப்பு பதியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். உங்கள் பாட்டியின் நெற்றிக் குங்குமம் மை வைத்தது போல இருக்கிறதே, அதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு ரிப்பனும் ஒரு மெடலுக்கு அடையாளம். இதை மனதில் வைத்துக்கொண்டு ரிப்பனைப் படியுங்கள்.

நமக்கு இடது ஓரத்தில், அதாவது அவர் நெஞ்சின் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வரிசையில் முதல். அதில் சம அகலத்தில் மூன்று கோடுகள்: சாம்பல், நல்ல கறுப்பு, வெளுப்பு. அடர்நீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று வாசியுங்கள். கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றுக்குமான நிறங்கள். இது 1939-45 ஸ்டார், இரண்டாம் உலகப் போருக்கான நட்சத்திர வடிவ மெடல். அடுத்ததில் நடுவே அகலமான கறுப்பு, இரண்டு பக்கமும் சாம்பல், அந்தச் சாம்பலுக்குள் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு ஆரஞ்சு, நடுவில் இருப்பது சிவப்பு. பர்மா ஸ்டார். உங்கள் வீட்டுப் பேச்சு உண்மைதான் அம்மா. ஆப்பிரிக்கா போனவராக இருந்தால் பாலைவன மணல் நிறம் வெளிறித் தெரியும். இத்தாலி என்றால் அந்நாட்டுக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு. இங்கே இரண்டும் இல்லை. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பர்மா ஸ்டார் இந்திய எல்லைக்குள் இம்பால், கோஹிமா பக்கம் இருந்தவர்களுக்கும் உண்டு. துப்பாக்கி பிடித்தவர், லாரி ஓட்டியவர், பாலம் போட்டவர் எல்லோருக்கும் ஒரே ஸ்டார்தான்.

மூன்றாவதில் நடுவே இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள், அவற்றுக்கிடையே இழை போல ஒரு கறுப்பு. அது வார் மெடல். நான்காவதில் கறுப்பே இல்லை, ஏனென்றால் அதில் சிவப்பு கிடையாது. அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டும். இந்தியா சர்வீஸ் மெடல். அந்த மெடலை ஏற்படுத்தியதே 1946-இல். ஆக, படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று நம் ராணுவத்தில் இருந்தவர்களுக்குக் காவி, வெள்ளை, பச்சை ரிப்பனோடு சுதந்திர மெடல் கொடுத்தார்கள். அது அவர் நெஞ்சில் இல்லை. அது கைக்கு வருவதற்கு முன்னால் எடுத்த படமோ, அல்லது அதற்குள் அவர் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டாரோ. தொப்பி வில்லையிலும் பிரிட்டிஷ் கிரீடம் தெரிகிறது. 1950 ஜனவரி 26-இல் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கேப்டனுக்குத் தோளில் மூன்று ஸ்டார். கையில் மூன்று பட்டை என்றால் ஹவில்தார், அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பதவி. ‘மூன்று’ மட்டும் குடும்ப நினைவில் தங்கியிருக்கும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை அம்மா. செக்‌ஷன் என்னும் சிறு குழுவை நடத்தியவர்கள், பையன்களுக்குச் சோறு வந்ததா, காலில் புண்ணா என்று பார்த்தவர்கள் எல்லாம் ஹவில்தாரும் அவருக்கு அடுத்த படியான நாயக்கும்தான்.

பழைய டிரங்குப் பெட்டியில், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா தேடுங்கள். அதில் உள்ள அவருடைய பட்டாள நம்பர் கிடைத்தால், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனுக்கும், பாலம் போடும் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் முகவரிக்கு எழுதலாம். நானும் அப்படி ஒரு ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன்தான். நம்பர் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால், ஒரே பெயரில் எத்தனையோ பேர் லெட்ஜரில் இருப்பார்கள். தகப்பனார் பெயர், கிராமம், பழைய தாலுகா மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: மலாயா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அப்பத்தா, காக்கிக் கால்சட்டையும் சாய்த்து வைத்த தொப்பியுமாக நிற்கும் படம் கிடைத்திருக்கிறது. மெடல் ஏதும் இல்லை. நாடக வேஷமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வேஷம் இல்லை தம்பி. மலாயாவில் பிறந்த தமிழ்ப்பெண் காக்கிச் சட்டை, கால்சட்டை, படகுத் தொப்பியோடு நின்றால், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணிப் படை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் ஏராளமானோர் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள். பிரிட்டிஷ் பக்கம் இருந்த பெண்கள் துணைப்படையில் நம் பெண்கள் காக்கிச் சேலையும் கட்டினார்கள்; உங்கள் படம் அந்தப் பக்கம் போகவில்லை.

படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் சிங்கப்பூருக்குப் பதில் ‘சியோனான்’ என்று இருந்தாலோ, வருஷம் 2603 அல்லது 2604 என்று இருந்தாலோ மிரள வேண்டாம். ஜப்பான்காரர்கள் பிடித்து வைத்திருந்தபோது ஊருக்கு வைத்த பெயர் அது. 2603 என்பது அவர்கள் கணக்கில் 1943. அப்படி ஒரு முத்திரை இருந்தால் உடனே இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அப்பத்தாவோடு பழகிய யாராவது உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெரியப்பா படத்துக்கு ஸ்டூடியோவில் கலர் பூசியிருக்கிறார்கள். ரிப்பன் எல்லாம் சிவப்பும் பச்சையும். எந்த மெடல்?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: அந்தக் கலரை நம்பாதீர்கள். பூசியவர் மெடலைப் பார்த்திருக்க மாட்டார். தட்டில் இருந்த வண்ணத்தை வைத்திருப்பார். கோடுகளின் அகலத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூசாத பிரதி ஒன்று உறவில் யாரிடமாவது இருக்கும், விசாரியுங்கள்.

கேள்வி: குடியரசு தின விழாப் படத்தில் எங்கள் ஆச்சி சேலையில் வலப்பக்கம் மெடல் குத்தியிருக்கிறார். தவறாகக் குத்திவிட்டாரா?
– ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: சரியாகத்தான் குத்தியிருக்கிறார். சம்பாதித்தவர் இடப்பக்கம் அணிவார். இறந்துபோனவருடையதை வீட்டார் வலப்பக்கம் அணிவது முறை. ஒரு சிப்பாயே வலப்பக்கம் அணிந்திருந்தால் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். அதுவும் மாறியிருந்தால் படம் திருப்பி அச்சாகியிருக்கிறது.

அந்த மெடல்கள் வீட்டில் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் உலகப் போர் மெடலிலும் சுதந்திர இந்தியாவின் வட்ட மெடல்களிலும் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அது அழியும். இரண்டாம் போர் மெடல்களில் பெயர் பொறித்தவையும் உண்டு, பொறிக்காதவையும் உண்டு. லென்ஸ் வைத்து விளிம்பில் இருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சொல்கிறேன்.