தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தில் உறுப்பினராக என்ன தகுதி வேண்டும்?

தொல்லியல் பட்டம் இருந்தால்தான் முடியும் என்றில்லை. தொல்லியல், நகர-ஊரமைப்பு, கட்டடக்கலை, மரபு, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, சட்டம் இவற்றில் ஒன்றில் அனுபவமும் தேர்ச்சியும் வேண்டும் என்கிறது சட்டம்.

ஏன் இத்தனை துறை? 2010-இல் வந்த சட்டத் திருத்தம் இந்த ஆணையத்தை உருவாக்கியது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது; அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடு கட்டலாம். அந்த அனுமதியைத் தரலாமா என்று ஆணையம்தான் பரிந்துரைக்கிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் அருகே ஒருவர் மாடி எடுக்கக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் வயது தெரிந்தவர் மட்டும் போதுமா? தெருவின் போக்கு அறிந்தவரும், அங்கே குடியிருப்பவரின் உரிமை அறிந்தவரும் வேண்டும். தாத்தா கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கக் கொத்தனார், ஆசாரி, பத்திரம் படிக்கத் தெரிந்தவர் என்று எல்லோரையும் கூப்பிடுவோமே, அப்படித்தான்.

சரி, யார் நியமிப்பது? தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். உறுப்பினர்களை அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு தேர்ந்தெடுக்கும்.

இந்த ஆணையமும் இந்தியத் தொல்லியல் துறையும் ஒன்றல்ல. துறையின் தலைமை இயக்குநர் இதில் பதவிவழி உறுப்பினர் மட்டுமே.