ராணுவ அதிகாரி ஒருவர் ஆட்சியில் இருக்கும் உறவினருக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதிவந்ததற்கு வரலாற்றில் உதாரணம் உண்டா? அது நல்லதா, கெட்டதா?

உண்டு. இந்தக் கேள்விக்குப் பலரும் நேரு - கௌல் கதையைத்தான் எடுப்பார்கள். 1962 சீனப் போருக்கு முன்பே ஜெனரல் பி.எம். கௌல் பிரதமரிடம் நேரடியாகப் பேசக்கூடியவராக இருந்தார், தூரத்து உறவும் கூட. அது ராணுவத்துக்குள் வளர்த்த கசப்பு தனிக் கதை. ஆனால் கேட்டிருப்பது கடிதங்களைப் பற்றி. கடிதம் என்றால் எனக்கு வெல்லஸ்லி சகோதரர்கள்தான்.

அண்ணன் ரிச்சர்ட், அப்போது மார்னிங்டன் பிரபு, 1798இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். ஒன்பது வயது இளைய தம்பி ஆர்தர், 33ஆம் காலாட்படையின் கர்னலாக முந்தைய வருடமே இங்கே வந்திருந்தார். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆனவர் இவர்தான். இன்னொரு தம்பி ஹென்றி அண்ணனின் அந்தரங்கச் செயலாளர். ஆக, ஒரு சாதாரண கர்னலின் கடிதம் மேலதிகாரிகள் அத்தனை பேரையும் தாண்டி நேரே உச்சிக்குப் போகும். அங்கே அதைப் பிரிப்பவரும் வீட்டு ஆள்.

இப்படி ஒரு வசதி கிடைத்தால் நாமெல்லாம் என்ன எழுதுவோம்? பதவி கேட்போம், பிடிக்காதவனைப் பற்றி வத்தி வைப்போம். ஆர்தரும் ஆட்களைப் பற்றி எழுதினார், மறுக்கவில்லை. சென்னைக்குப் புதிதாக வந்த கவர்னர், ராபர்ட் கிளைவின் மகன், பார்வைக்கு மந்தமானவர் என்று எழுதிவிட்டு, கொஞ்ச நாள் பழகியதும் தோற்றத்தைப் போல அவ்வளவு மந்தம் இல்லை போலிருக்கிறது என்று திருத்திக்கொண்டார். ஒரு கர்னல் கவர்னருக்கு மதிப்பெண் போடுகிறார்! அந்த ஆளுக்கு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆனால் அந்தக் கடிதங்களில் பலவும் அண்ணன் கேட்க விரும்பாத விஷயங்கள். திப்பு சுல்தான் மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் உதவி கேட்ட செய்தி வந்ததும் அண்ணனுக்கு உடனே போர் வேண்டும். அவசரப்படாதீர்கள், விளக்கம் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றார் தம்பி. போர் உறுதியானதும் ஆற்காடு, வேலூர்ப் பக்கம் மாடுகளையும் தானியத்தையும் பீரங்கிகளையும் சேர்க்கும் வேலையில் இறங்கிவிட்டார் என்பது வேறு.

எனக்குப் பிடித்தது அடுத்தது. படையோடு தானும் முகாமுக்கு வரட்டுமா என்று அண்ணன் கேட்கிறார். தலைமைத் தளபதி ஜெனரல் ஹாரிஸ். ஆர்தரின் பதிலின் சாரம் இது: நீங்கள் வந்தால் ஹாரிஸுக்குத் தெம்பு வராது, அவர் கையிலிருக்கும் அதிகாரம்தான் போகும். அவர் இடத்தில் நான் இருந்து நீங்கள் வந்து சேர்ந்தால் நான் படையை விட்டே போய்விடுவேன். அண்ணன் வரவில்லை. வேறு எந்த கர்னலாவது கவர்னர் ஜெனரலுக்கு இப்படி எழுதியிருக்க முடியுமா? எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். உறவு இருந்ததால்தான் இந்த உண்மை மேலே போனது.

1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் இரவில் நடத்திய தாக்குதல் சிதறிப்போனது. அதையும் அண்ணனுக்கு எழுதினார். பகல் வெளிச்சத்தில் வேவு பார்க்காத, எதிரி தயாராகக் காத்திருக்கும் இடத்தின் மீது இனி என் கையில் இருக்கும்வரை இரவுத் தாக்குதலை அனுமதிக்க மாட்டேன் என்றார். முறையான ராணுவ அறிக்கையில் இவ்வளவு வெளிப்படையாக எழுதுபவர்கள் குறைவு.

சரி, இதன் விலை என்ன? மே 4ஆம் தேதி கோட்டைக்குள் படையை நடத்திப் போனவர் டேவிட் பெயர்ட். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருடங்களுக்கு மேல் சிறையில் கிடந்த மனிதர். கோட்டை விழுந்ததும் நகரப் பொறுப்பு அவருக்கு வரவில்லை, ஆர்தருக்குப் போனது. நியமித்தவர் ஹாரிஸ். நிர்வாகத்துக்கு ஆர்தர்தான் பொருத்தம் என்பது என் கருத்தும்கூட, சில நாட்களில் கொள்ளையை அடக்கிக் காட்டினார். ஆனால் அண்ணன் கவர்னர் ஜெனரலாக இருக்கும்போது தகுதியால் கிடைத்தது என்று யார் நம்புவார்கள்? பெயர்ட் நம்பவில்லை. எழுத்திலேயே புகார் கொடுத்தார். ஒரு சிபாரிசுக் கடிதமும் இல்லாமலே சிபாரிசு என்ற பெயர் வந்துவிடுகிறது, இதுதான் இந்த ஏற்பாட்டின் சிக்கல்.

அப்புறம் காற்று திரும்பியது. திருகோணமலையில் ஒரு பெரிய படையைத் திரட்டும் பொறுப்பு ஆர்தரிடம் இருந்தது. 1801இல் அந்தப் படை எகிப்துக்கு என்றானதும், இவ்வளவு பெரிய படைக்கு ஜெனரல்தான் வேண்டும் என்று அண்ணன் தலைமையைப் பெயர்டிடமே கொடுத்தார். விதிப்படி சரிதான். தம்பிக்கு வந்ததே கோபம்! ஹென்றிக்கு எழுதிய கடிதங்களில் வரிக்கு வரி புகைகிறது. கொலையோ கொள்ளையோ செய்துவிட்டேன் என்று உலகம் நினைக்கும் என்கிற தொனியில்கூட எழுதினார். காய்ச்சலால் பம்பாயிலேயே தங்கிவிட்டார். அவர் ஏற வேண்டியிருந்த கப்பல் செங்கடல் பக்கம் மூழ்கியது. இரண்டு வருடம் கழித்து அசாயேயில் மராத்தியரை வென்றபோது அவர் மேஜர் ஜெனரல் ஆகியிருந்தார்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியை விலைக்கு வாங்கலாம். ஆர்தரின் லெப்டினன்ட் கர்னல் பதவிக்குப் பணம் போட்டவர் அண்ணன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய செல்வத்தில் படையினருக்குப் பிரித்த பங்கு கைக்கு வந்ததும் திருப்பித் தருகிறேன் என்று தம்பி எழுதினார், அண்ணன் வாங்க மறுத்துவிட்டார்.

நல்லதா கெட்டதா என்றால், அண்ணனுக்கு நல்லது, படைக்குப் பெரும்பாலும் நல்லது, பெயர்ட் போன்றவர்களுக்கு நிச்சயம் கெட்டது. அவர்களுக்கு எழுத ஓர் அண்ணன் இல்லை. இன்றைய இந்திய ராணுவத்தில் பணி விஷயத்துக்கு வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவது விதிமீறல். ஆர்தர் மாதிரி ஒருவரை மட்டும் மனதில் வைத்து விதியைத் தளர்த்த முடியாது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்கிற ரகம் இல்லை.

படிக்க விரும்பினால் அரசு முறைக் கடிதங்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஆர்தரின் மகன் பிற்காலத்தில் வெளியிட்ட துணைத் தொகுதிகளில், அண்ணனுக்கும் ஹென்றிக்கும் எழுதிய சொந்தக் கடிதங்கள் நிறைய இருக்கின்றன.