பதில்: 1950-க்கு இரண்டு அட்டவணையில் இரண்டு எண்கள்

1950-இன் உலகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஓர் அட்டவணையில் 1,630, இன்னொன்றில் ஏறக்குறைய 6,000 மில்லியன் டன், எது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான், அலகுதான் வேறு. முதலாவது வெறும் கார்பனின் எடை, இரண்டாவது கார்பன் டை ஆக்சைடின் முழு எடை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் பழைய தரவு அப்படித்தான் இருக்கும். நானும் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கார்பன் அணு நிறை 12, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு 44. அதனால் முதல் எண்ணை இவற்றின் துல்லியமான விகிதமான 3.664-ஆல் பெருக்குங்கள்: 5,972 வரும்.

அப்புறம், அட்டவணையின் சிமென்ட் பத்தியில் இருப்பது சுண்ணாம்புக்கல் சிதையும்போது வெளிவரும் வாயு மட்டும். சூளையில் எரிக்கும் நிலக்கரி, நிலக்கரிப் பத்தியிலேயே வந்துவிடும், திரும்பவும் கூட்டிவிடாதீர்கள். காடழிப்பு இந்த அட்டவணையில் கிடையாது, அதற்குத் தனித் தரவு வேண்டும்.