ஹாக்குக்கு என்ன ஆயிற்று? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவன். 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற, நம் முடிவுகளுக்கேற்பக் கதை மாறும் விளையாட்டைப் பாலக்காட்டில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடத் தொடங்கினேன். அந்த வரிசையில் எதையும் விட்டதில்லை. 2024 அக்டோபர் 31 அன்று வந்த நான்காம் ஆட்டம் ‘வெய்ல்கார்ட்’டை முடித்தபோது அழுதேன். மறுநாளே கோபம் வந்தது. நல்ல ஆட்டம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, மோசம் என்று தள்ளவும் முடியவில்லை. நண்பர்கள் “கேம்தானே, விடுடா” என்கிறார்கள். குறை சொன்னால் வசைபாடும் கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். என் கோபத்தில் நியாயம் இருக்கிறதா? இன்னொன்று. கல்லூரியில் சேர்ந்திருக்கும் அக்கா மகன் இந்த ஆட்டத்திலிருந்தே தொடங்கப் பார்க்கிறான். விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அழுகையிலும் இருக்கிறது. இரண்டுமே ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வந்து வாசிக்கலாம்.

‘ஆரிஜின்ஸ்’ நம்மை ஏன் பிடித்துக்கொண்டது? சண்டைக்காக இல்லை. லோகெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டகார் போர்க்களத்தில் அரசனைக் கைவிட்டு, நாம் சேர்ந்திருக்கும் கிரே வார்டன் என்ற வீரர் படையைச் சாகவிட்டுப் போன தளபதி. பிரபுக்கள் கூடிய சபையில் கடைசியில் அவன் நம் காலடியில் கிடக்கிறான். கொல்லலாம், அல்லது மன்னித்து அவனையும் வார்டனாக்கலாம். மன்னித்தால் சக வார்டனான அலிஸ்டர் நம்மை விட்டுப் போய்விடுவான். ஆட்டம் முழுக்கக் கூடவே நடந்து, ஜோக்கடித்து, அண்ணன் தம்பிபோலப் பழகியவன். எந்தச் சமாதானமும் எடுபடாது. அந்தப் பிரிவை நாமே உண்டாக்கினோம் என்பது பல நாள் உறுத்தும்.

அந்த உறுத்தல் அங்கேயே முடிந்துவிடாது என்ற நம்பிக்கையை இந்த வரிசையை உருவாக்கிய பயோவேர் நிறுவனம்தான் நமக்குக் கொடுத்தது. 2014இல் மூன்றாம் ஆட்டமான ‘இன்க்விசிஷன்’ வந்தபோது, பழைய ஆட்டங்களில் நாம் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பதிந்து கொண்டுபோக ‘கீப்’ என்று ஒரு தளமே இருந்தது. என் அலிஸ்டர் வேறு, உங்கள் அலிஸ்டர் வேறு. ‘வெய்ல்கார்ட்’ அவற்றில் எதையும் கேட்கவில்லை. ‘இன்க்விசிஷன்’ முடிவிலிருந்து மூன்றே மூன்று கேள்விகள்: யாரைக் காதலித்தீர்கள், நீங்கள் தலைமை தாங்கிய இன்க்விசிஷன் என்ற அமைப்பைக் கலைத்தீர்களா, கூடவே இருந்து பகையாகிப்போன மந்திரவாதி சோலஸை என்ன செய்வதாகச் சபதம் எடுத்தீர்கள். அவ்வளவுதான். ‘ஆரிஜின்’ஸில் கூட வந்த சூனியக்காரி மோரிகன் வருகிறாள், அவளுக்கும் நமக்கும் நடந்தது எதுவும் அவள் பேச்சில் இல்லை. கதை வடக்கே டெவின்டருக்குப் போய்விட்டது என்று காரணம் சொல்லலாம். ஆனால் நாம் காப்பாற்றிய தெற்கு நாடுகள் சீரழிந்த சேதி கடிதம் கடிதமாக வந்து சேர்கிறதே, அப்புறம் என்ன தூரம்?

இப்போது பழைய ஆட்டங்களின் தோழர் வாரிக்கிடம் வருகிறேன். நீங்கள் அழுதது அங்கேதான் என்று ஊகிக்கிறேன். தொடக்கத்திலேயே சோலஸால் குத்துப்பட்டு, காயத்தோடு படுக்கையில் இருக்கிறார். ‘வெய்ல்கார்ட்’டில் நாம் ஆடும் பாத்திரமான ரூக் அவ்வப்போது போய்ப் பேசிவிட்டு வருகிறார். மற்றவர்கள் யாரும் அவரோடு பேசுவதே இல்லை. நமக்கு அது உறைப்பதில்லை. கடைசியில்தான் தெரிகிறது, அவர் அன்றைக்கே செத்துவிட்டார், நாம் பேசிக்கொண்டிருந்தது சோலஸ் உண்டாக்கிய மாயத்தோடு என்று. இந்த அடி யாருக்கு விழும்? 2011இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில், நாம் ஆடிய பாத்திரமான ஹாக்கின் கதை முழுவதையும் வாரிக் வாயால் கேட்டவர்களுக்கு. அவருக்கு ஹாக் என்றால் உயிர். ‘இன்க்விசிஷ’னில் அந்த ஹாக்கை ஃபேட் என்ற ஆவியுலகில் விட்டுவிட்டு வருவதா, மீட்பதா என்று நம்மையே முடிவெடுக்க வைத்தார்கள். ‘வெய்ல்கார்ட்’டில் ஹாக்குக்கு என்ன ஆயிற்று என்று வாரிக்கால் சொல்ல முடியாது. விளையாட்டுக்கே தெரியாது, கேட்கவே இல்லையே.

நீங்கள் அழுததற்கு உங்கள் பழைய நினைவுதான் முதல். அதை எடுத்துக்கொண்ட விளையாட்டு, நீங்கள் செய்த தேர்வுகளை மட்டும் வேண்டாமென்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. உங்கள் கோபம் அங்கே பிறக்கிறது.

பத்து வருஷத்துக்கு முந்தைய முடிவுகளை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் ஜில்லாவிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, மலையாள நாட்டில் கம்பன் பாட்டு. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்கவில்லை, அவளுக்காக நடத்துவது என்பது ஐதிகம். எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் புலவர்கள் இராத்திரி முழுக்கப் பாடிப் பொருள் சொல்கிறார்கள். கேட்க வேண்டியவள் கேட்கிறாள் என்பது போதும். தொடர்கதை சொல்கிறவனுக்கு அந்த எண்ணம் வேண்டும். முதலிலிருந்து கூடவே வந்தவர் ஒருவர்தான் என்றாலும் அவரை நினைத்துச் சொல்ல வேண்டும்.

வேலை நடந்த விதமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டமாக நடுவில் மாற்றி, பிறகு ஒருவர் ஆடும் கதையாகத் திருப்பினார்கள். தோழர்கள் ஒருவருக்கொருவர் இத்தனை பதவிசாக நடந்துகொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. அலிஸ்டர்போல முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறவர் யாருமில்லை.

ஆனாலும் சோலஸ்! கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்று நேராக அவரைப் பற்றியது. காதலும் அவரோடு என்றால் இரண்டாகிவிடுகிறது. அந்த நினைவை உள்ளே விட்டதால்தான் அவருடைய முடிவு அப்படி நிற்கிறது. மித்தால் என்ற பழைய எல்ஃப் தெய்வத்துக்காகச் செய்த பாவங்களின் கனத்தோடு அவர் நிற்கும்போது, அவரைக் காதலித்த, மூன்றாம் ஆட்டத்தில் நாம் ஆடிய இன்க்விசிட்டர் வந்து கூடவே போகத் துணியும் காட்சிக்கு இந்த வரிசையில் ஈடு எனக்குத் தெரியவில்லை. தோழர்களில் எம்ரிக்கும் அவருடைய எலும்புக்கூட்டுப் பிள்ளை மான்ஃப்ரெட்டும் அருமை. அதை ரசித்ததற்காக நீங்கள் யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

வசைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோழர்களில் ஒருவரான டாஷ் ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர் என்பதற்காகவே ஆட்டத்தைத் திட்டினார்கள். ‘ஆரிஜின்’ஸிலேயே ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் காதலிக்கலாம். இத்தனை வருஷம் அதை ஆடியவர் நீங்கள். உங்கள் குறை எழுத்தைப் பற்றியது, அவர்களோடு உங்களுக்கு உறவில்லை.

எதிர்பார்த்ததில் பாதி அளவுக்கு, சுமார் 15 லட்சம் பேரிடம்தான் ஆட்டம் போய்ச் சேர்ந்தது என்று பயோவேரின் தாய் நிறுவனமான இஏ 2025 ஜனவரியில் சொன்னது. அந்தக் கணக்கை உங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். நன்றாக விற்றிருந்தாலும் ஹாக்கைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் மருமகன் தாராளமாக ‘வெய்ல்கார்ட்’டிலேயே தொடங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து “இது யார் தெரியுமா” என்று ஆரம்பிக்காதீர்கள். முடித்துவிட்டு வந்ததும் சோலஸ் செய்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். வாய் ஓயாமல் பேசினான் என்றால் ‘ஆரிஜின்’ஸைக் கொடுங்கள். அதன் சண்டை இன்றைய பையன்களுக்கு மெதுவாகத் தெரியும், டீப் ரோட்ஸ் என்ற நீண்ட நிலத்தடிப் பாதைகளில் சலித்துப் பாதியில் நிறுத்தப் பார்ப்பான். அங்கே மட்டும் கொஞ்சம் உதவி செய்யுங்கள். லோகெய்ன் விஷயத்தில் செய்யாதீர்கள்.